பீட்றோ பாங்க்கை அளந்தது யார்?

பருத்தித்துறைக்கு அப்பால் கடலுக்கடியில் ஒரு மேடு இருக்கிறது. உலகக் கடல் வரைபடங்களில் அதன் பெயர் பீட்றோ பாங்க். எங்கட பள்ளிக்கூடப் புவியியலில் 'பேதுரு கடலடித்தள மேடை' என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் பிறகு மறந்திருப்போம். பேதுரு என்று ஒரு ஆளே இதில் இல்லை என்பது வேற கதை. போர்த்துக்கீசர் இந்த முனையைக் 'கற்களின் முனை' என்ற பொருளில் பொன்தா தாஸ் பெத்ராஸ் என்றார்கள். அந்தக் 'கல்' ஆங்கிலத்தில் பீட்றோ ஆகி, தமிழுக்குத் திரும்பி வரும்போது அப்போஸ்தலர் பேதுரு ஆகிவிட்டது. முனையிலிருந்து தொழிலுக்குப் போகிற எவரும் அந்த இடத்தைப் 'பீட்றோ பாங்க்' என்று சொல்லிக் கேட்டதில்லை. அவர்களுக்கு அது இத்தனை பாகம் தண்ணி, இன்ன காற்றுக்கு இன்ன மீன், அவ்வளவுதான்.

2024 தொடக்கத்தில் 'வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு ஒரு வருடம் தடை' என்று செய்தி வந்தபோது பலர் அதைச் சீனா - இந்தியா இழுபறி என்று வாசித்துவிட்டுக் கடந்து போனோம். நானும்தான். ஊரில் ஒரு பெரியவர் கேட்ட கேள்விதான் நிறுத்தியது. "அப்ப இந்தக் கடலில என்ன மீன் மிச்சம் இருக்கெண்டு ஆர் பாத்துச் சொல்லுறது?" கடலை அளக்கிற விஞ்ஞானமும் நாட்டின் பாதுகாப்பு முடிவுகளும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று தேடத் தொடங்கினால், கதை நூறு வருடம் பின்னால் போகிறது. அதுவும் நேராக எங்கள் வாசல் கடலுக்கே போகிறது.

1920களின் தொடக்கத்தில் இலங்கைக் குடியேற்ற அரசாங்கம் 'லில்லா' என்ற இழுவைக் கப்பலை ஆய்வுக்கு இறக்கியது. ஜோசப் பியர்சன், மல்பாஸ் ஆகியோர் அந்த வேலையோடு சேர்ந்த பெயர்கள். வேலை எளிமையானது, ஆனால் அலுப்பானது. ஓரிடத்தில் மடியை இறக்கு, இழு, தூக்கு, எண்ணு, எழுது. பிறகு அடுத்த இடம். தீவைச் சுற்றி இப்படித் தேடியதில் இழுவைத் தொழிலுக்குத் தோதான இரண்டு இடங்கள் தெரியவந்தன. ஒன்று கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வெட்ஜ் பாங்க். மற்றது எங்களுடைய பீட்றோ பாங்க். மல்பாஸின் அறிக்கை 1926இல் வந்தது.

'தெரியவந்தன' என்று எழுதும்போதே கை கூசுகிறது. இந்த மேட்டில் மீன் இருக்கிறது என்று வடமராட்சிக் கரையில் எத்தனையோ தலைமுறைக்குத் தெரியும். லில்லா செய்தது வேறொன்று. தெரிந்த விஷயத்தை அகலாங்கு, நெட்டாங்கு, ஆழம், தொகை என்று எழுதியது. எழுதப்பட்ட அறிவைத்தான் ஒரு அரசாங்கம் இன்னொரு அரசாங்கத்தோடு பேசும்போது மேசையில் வைக்கலாம். சம்மாட்டியின் ஞாபகத்தை வைக்க ஏலாது.

எழுதியதற்குப் பலன் கிடைத்தது, கொழும்புக்கு. 1928இலிருந்து வெட்ஜ் பாங்கில் இழுவைத் தொழில் நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த 'மேப்பிள் லீஃப்' உட்பட அரச கப்பல்களும் அங்கே போய் வந்தன. 1950களில் சிவலிங்கம் என்ற எங்கள் விஞ்ஞானியும் கனடாவிலிருந்து வந்த மெட்கோஃபும் அந்த மேட்டின் பிடிபாட்டுக் கணக்கை ஆராய்ந்து எழுதினார்கள். சுமார் 10,000 சதுர கிலோமீற்றர் கடல். தூரத்தால் அது தமிழ்நாட்டுக்குப் பக்கம், ஆனால் ஆவணத்தால் இலங்கைக்கு மிகப் பழக்கமான இடம். அந்தக் காலத்தில் அந்த மேட்டைப் பற்றிக் கொழும்பில் இருந்த அளவுக்குக் கணக்கு வேறெங்கும் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

இந்தக் கணக்கு என்னத்துக்கு உதவியது? இங்கேதான் கதை கொஞ்சம் கசக்கும்.

1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் பாக்கு நீரிணையில் எல்லைக் கோடு போட்டார்கள். கச்சதீவு இலங்கைப் பக்கம் வந்தது. எல்லோருக்கும் தெரிந்த பகுதி இதுதான். இன்றைக்கும் தமிழ்நாட்டுத் தேர்தல் மேடைகளில் இது ஒன்றுதான் ஓடுகிறது. அந்தக் கோடு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அகலாங்கு 10 பாகை 5 கலை, நெட்டாங்கு 80 பாகை 3 கலை. பருத்தித்துறையிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர். எஞ்சின் படகுக்கு இரண்டு மணித்தியாலத் தூரம்.

1976 மார்ச் 23இல் இரண்டாவது ஒப்பந்தம். மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் கோடு. வங்காள விரிகுடாப் பக்கத்துக் கோடு தொடங்குவது அதே புள்ளியில்தான். இரண்டு ஒப்பந்தங்களின் முடிச்சு எங்கள் ஊருக்கு நேரே கடலில் கிடக்கிறது என்று யாரும் எங்களுக்குப் படிப்பித்ததில்லை.

அந்த ஒப்பந்தத்தோடு இரு அரசுகளும் கடிதங்களும் பரிமாறிக்கொண்டன. வெட்ஜ் பாங்க் இந்தியாவின் பொருளாதார வலயத்துக்குள் அடங்கும். அதன் மீதான உரிமை முழுவதும் இந்தியாவுக்கு. இலங்கைக் கப்பல்கள் மூன்று வருடத்துக்கு மட்டும் அங்கே தொழில் செய்யலாம், அதுவும் ஆறு கப்பலுக்கு மேற்படாமல், வருடத்துக்கு 2,000 தொன்னுக்கு மேற்படாமல். இடையில் இந்தியா அங்கே எண்ணெய் தேட முடிவெடுத்தால் அந்தப் பகுதியில் தொழிலை நிறுத்த வேண்டும். மூன்று வருடம் முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கு இந்தியா வருடம் 2,000 தொன் மீனை இலங்கைக்கு விற்கும். அந்த 2,000 என்ற எண்ணைக் கவனியுங்கள். பிடிபாட்டைப் பல வருடம் எண்ணி வைத்தவர்களால்தான் இப்படி ஒரு எண்ணை மேசையில் பேச முடியும். ஐம்பது வருட ஆராய்ச்சியின் பயன் கடைசியில் ஒரு நட்டஈட்டைக் கணக்குப் போட்டது.

விஞ்ஞானம் பாதுகாப்பு முடிவுகளை 'வழிநடத்துகிறது' என்று பொதுவாகச் சொல்லுவார்கள். எனக்கு அந்தச் சொல்லில் நம்பிக்கை இல்லை. 1976இல் முடிவை வழிநடத்தியது இரண்டு தலைநகரங்களின் அரசியல்: ஆருக்கு எந்தத் தீவு, எண்ணெய் எங்கே இருக்கக்கூடும், ஆரோட ஆர் நல்ல உறவு. மீன் விஞ்ஞானம் வந்து சேர்ந்தது விலை பேசுகிற கட்டத்தில். இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. விலை பேசுகிற கட்டத்தில் கையில் எண் இல்லாதவனுக்கு அந்த நட்டஈடுகூடக் கிடைக்காது. அதே வெட்ஜ் பாங்க் பகுதியில் இப்போது எண்ணெய், எரிவாயு தேடுவதற்கு எதிராகக் கன்னியாகுமரி மீனவர்கள் போராடுகிறார்கள். 1976 கடிதத்தில் எண்ணெயைப் பற்றி இருந்த அந்த ஒரு பந்தி சும்மா எழுதப்பட்டதில்லை.

இனி மீனிலிருந்து நீர்மூழ்கிக்கு வருவோம். மீன் ஆராய்ச்சிக் கப்பலைக் கண்டு ஒரு கடற்படை ஏன் பதற வேண்டும்?

1937 அளவில் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு பிரச்சினை. கியூபாவின் குவாண்டனாமோவுக்கு அருகே 'செம்ஸ்' என்ற கப்பலில் சோனார் சோதித்தார்கள். காலையில் ஒலி அனுப்பினால் நீர்மூழ்கி தெளிவாக அகப்படும். பின்னேரம் அகப்படாது. மாலுமிகள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி வழிகிறார்கள் என்றுகூடச் சந்தேகம் வந்தது. உண்மையான காரணம் தண்ணீரின் மேல்தட்டு. கடலில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் வேகத்தில் போகும். வெப்பம், உப்பு, அழுத்தம் கூடினால் வேகமும் கூடும். வெயில் ஏற ஏற மேல்தண்ணி சூடாகி, ஒலி கீழே வளைந்து போய்விடுகிறது. நீர்மூழ்கி அந்த வளைவுக்கு அப்பால் ஒளிந்துகொள்கிறது. கானல் நீர் மாதிரி, ஆனால் கண்ணுக்குப் பதில் காதை ஏமாற்றுகிற கானல்.

அதே காலத்தில் அதெல்ஸ்டன் ஸ்பில்ஹவுஸ் என்பவர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தோடு சேர்ந்து, ஒரு கருவியை உருவாக்கிக்கொண்டிருந்தார். கப்பல் ஓடும்போதே கடலில் இறக்கினால் ஆழத்துக்கு ஆழம் வெப்பத்தைக் கீறிக்கொண்டு வரும். கடலின் இயல்பை அறியச் செய்த அந்தக் கருவி, இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கி வேட்டைக்கும் நீர்மூழ்கி ஒளிவதற்கும் அத்தியாவசியமானது. (ஒரு சின்ன ஒற்றுமை: வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' பாய்க்கப்பல் அத்திலாந்திக் கடந்து குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது 1938இல். அதுவும் மாசச்சூசெட்ஸ்தான். எங்கட ஆக்கள் காற்றை மட்டும் வாசித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த கரையில், அந்த ஆக்கள் தண்ணியின் உள்ளே வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள்.)

ஆகவே வெப்பமும் உப்பும் அளக்கிற ஒரு கருவி கடலுக்குள் இறங்கும்போது, அது மீன் கூட்டம் எங்கே நிற்கும் என்றும் சொல்லும், நீர்மூழ்கி எங்கே ஒளியலாம் என்றும் சொல்லும். தரவு ஒன்று, வாசிப்பவர் இரண்டு. கடலின் தரையை அளக்கிற எதிரொலிமானியும் அப்படித்தான்.

இலங்கையைச் சுற்றிய கடல் இந்த விஷயத்தில் விசேடமானது. கங்கையும் பிரமபுத்திராவும் கொட்டுகிற நன்னீரால் வங்காள விரிகுடாவின் மேல்தண்ணி உப்புக் குறைந்தது. அரபிக்கடல் உப்புக் கூடியது. வாடைக் காலத்தில் விரிகுடாவின் இலேசான தண்ணி எங்கள் கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, தீவைச் சுற்றி மேற்கே போகும். சோளகக் காலத்தில் மறுவளமாக அரபிக்கடலின் உப்புத் தண்ணி தீவுக்குத் தெற்கால் கிழக்கே புகும். இந்த மாற்றம் மழையைத் தீர்மானிக்கிறது, மீனைத் தீர்மானிக்கிறது, ஒலி போகும் வழியையும் தீர்மானிக்கிறது. பாக்கு நீரிணைக்குள் நீர்மூழ்கி வர வழியில்லை, பெரும்பாலும் அவ்வளவு ஆழமே இல்லை. ஆனால் எங்கள் மேட்டைத் தாண்டிக் கிழக்கே போனால் தரை சரிந்து ஆயிரக்கணக்கான மீற்றருக்கு இறங்கிவிடும்.

இந்த நீரோட்டங்களை 2013 தொடக்கம் சில வருடங்கள் விரிவாக அளந்த ஒரு பெரிய திட்டத்தின் சுருக்கப் பெயர் அசிரி. அமெரிக்க, இந்திய, இலங்கை விஞ்ஞானிகள் சேர்ந்தார்கள். எங்கள் பக்கம் நாரா, அதாவது 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய நீர்வாழ் உயிரின ஆராய்ச்சி நிறுவனம், பங்கெடுத்தது. நோக்கம் பருவமழையை நன்றாக எதிர்வுகூறுவது. அருமையான விஞ்ஞானம். அமெரிக்கப் பக்கத்துப் பணம் வந்தது அந்நாட்டுக் கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகத்திடமிருந்து. இதில் ஒளிவுமறைவு எதுவுமில்லை, கட்டுரைகளிலேயே எழுதியிருக்கிறார்கள். மழைக்கு அளந்ததா, கடற்படைக்கு அளந்ததா என்றால், இரண்டுக்கும்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு சீனக் கப்பல்களின் கதைக்கு வரலாம். 2022 ஓகஸ்ட் 16இல் 'யுவான் வாங் 5' அம்பாந்தோட்டைக்கு வந்தது. செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் தொடரக்கூடிய கப்பல். இந்தியா கடுமையாக ஆட்சேபித்தது. இலங்கைக் கடலில் ஆய்வு எதுவும் செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. 2023 ஒக்டோபரில் 'ஷி யான் 6' கொழும்புக்கு வந்தது. இது சீன விஞ்ஞானக் கழகத்தின் கடலாய்வுக் கப்பல். நாராவோடு கூட்டாய்வு என்று சொல்லப்பட்டது. மறுபடியும் டெல்லியின் கவலை. அடுத்து 'சியாங் யாங் ஹொங் 3' வர இருந்தபோது, 2024 ஜனவரியிலிருந்து ஒரு வருடத்துக்கு எந்த வெளிநாட்டு ஆய்வுக் கப்பலும் வேண்டாம் என்று அரசாங்கம் முடிவெடுத்தது. அந்தக் கப்பல் மாலைதீவுக்குப் போனது. சம பங்காளியாக ஆய்வில் சேர்வதற்கு எங்கள் திறனை வளர்க்க அவகாசம் தேவை என்றார் அப்போதைய வெளிவிவகார அமைச்சர் அலி சப்ரி.

காரணமாகச் சொன்னது எனக்குப் பிழையாகத் தெரியவில்லை. 1982இல் உருவான ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை இதைத்தான் எதிர்பார்க்கிறது. ஒரு நாட்டின் பொருளாதார வலயத்தில் ஆய்வு செய்ய அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பே என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். கரையோர நாட்டு விஞ்ஞானிகளைக் கப்பலில் ஏற்ற வேண்டும், தரவைக் கொடுக்க வேண்டும். ஆனால் தரவைக் கொடுத்தால் போதுமா? அதை வாசிக்க ஆள் வேண்டும், கணினி வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தரவு வேண்டும். வாசிக்கத் தெரியாத நாட்டுக்கு ஒரே ஒரு பாதுகாப்புக் கருவிதான் மிச்சம்: கதவைச் சாத்துவது. உளவு எது, விஞ்ஞானம் எது என்று தானே பிரித்தறிய இயலாதபோது எல்லாவற்றையும் நிறுத்தத்தான் தோன்றும்.

கதவைச் சாத்தினால் வெளியே நிற்கிறவர்களில் ஒருவர் எங்களுக்கு வேண்டியவர். 'டொக்டர் ஃபிரிட்ஜோஃப் நான்சன்' என்ற கப்பல். நோர்வேயின் பணம், ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் திட்டம், ஐ.நா. கொடி. அந்தப் பெயருள்ள முதல் கப்பல் 1978க்கும் 1980க்கும் இடையில் மூன்று தடவை இலங்கைக் கடலை ஆராய்ந்தது. 2018இல் அதே பெயருள்ள புதிய கப்பல் மறுபடி வந்தது. இரண்டுக்கும் நடுவில் 38 வருடம். அது மறுபடி வருவதற்கான அனுமதி, ஆய்வுக் கப்பல்களுக்கான நடைமுறை விதிகள் இன்னும் தயாரில்லை என்ற காரணத்தில் 2025இல் சிக்கி, பத்திரிகைகளில் விவாதமானது. ஒரு நாட்டின் கப்பலை மனதில் வைத்துப் போட்ட தடை, மீன் எண்ண வருகிற கப்பலின் வழியையும் மறிக்கிறது. தடை எல்லா நாட்டுக்கும் பொது என்று காட்டினால்தான் அரசியல் செல்லும். பொதுவாக இருந்தால் விஞ்ஞானம் நடக்காது.

அந்த 38 வருட இடைவெளிக்குள் என்ன இருந்தது என்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வடக்குக் கடல் 1980களின் நடுவிலிருந்து பாதுகாப்பு வலயம். கடல்வலயத் தடைச்சட்டம், பாஸ், எஞ்சின் வலுவுக்குக் கட்டுப்பாடு, கரையோடு மட்டும் தொழில், சில காலம் அதுவும் இல்லை. கரையிலேயே நிற்க விடாத இடத்தில் மடியை இறக்கி மீன் எண்ண யார் வருவார்கள்? மனிதருக்கு நடந்ததோடு ஒப்பிட்டால் இது சின்ன இழப்பு. ஆனாலும் இழப்புத்தான். போருக்கு முன் பீட்றோ பாங்கில் இவ்வளவு இருந்தது, போர் முடியும்போது இவ்வளவு, இழுவைப் படகுகள் வந்த பிறகு இவ்வளவு என்று வருடா வருடம் வரிசையாக எழுத வேண்டிய புத்தகத்தில் நடுப் பக்கங்கள் இல்லை.

அந்தப் பக்கங்கள் இல்லாதது இப்போதுதான் கடிக்கிறது. தமிழ்நாட்டு றோலர்கள் கோட்டைத் தாண்டி வருவதால் அடித்தளம் வழிக்கப்படுகிறது, வலைகள் அறுகின்றன. 2017இல் இலங்கை அடிமட்ட இழுவையைச் சட்டத்தால் தடை செய்தது. கொழும்பு இதை எல்லை மீறலாகப் பார்க்கிறது: கோடு, ரோந்து, கைது, வழக்கு. டெல்லி இதை மனிதாபிமானப் பிரச்சினை என்கிறது. எங்கள் ஆட்கள் சொல்வது மூன்றாவது விஷயம், 'மீன் அழியுது'. பேச்சுவார்த்தை மேசையில் முதல் இரண்டுக்கும் ஆவணம் இருக்கிறது. மூன்றாவதற்கு இருப்பது வாய்ச் சாட்சி. எத்தனை தொன், எந்த வருடத்திலிருந்து, எந்த மேட்டில் என்று கேட்டால் நாங்கள் திணறுகிறோம். வெட்ஜ் பாங்குக்கு 1976இல் இருந்த அளவு கணக்குக்கூடப் பீட்றோ பாங்குக்கு இன்று கையில் இல்லை. உணவுப் பாதுகாப்பும் தேசியப் பாதுகாப்புத்தான் என்று மேடைகளில் பேசுகிறவர்கள், ரேடாருக்குச் செலவழிப்பதில் ஒரு துண்டை ஆழம் குறைந்த வடக்குக் கடலில் ஓடக்கூடிய ஒரு சிறிய ஆய்வுப் படகுக்கு ஒதுக்கினால் இந்தப் பேச்சு மாறும் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் படகுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள் போதும். பீஜிங்கும் வேண்டாம், வாஷிங்டனும் வேண்டாம்.

தொடக்கத்தில் கேள்வி கேட்ட பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் லில்லாவைப் பற்றிக் கேட்டுச் சிரித்தார். பிறகு உள்ளே போய் ஒரு சிஆர் கொப்பி எடுத்து வந்தார். உப்புப் பட்டு ஊதிப்போன கொப்பி. ஜிபிஎஸ் வாங்கின காலத்திலிருந்து எழுதுகிறாராம்: திகதி, இடம், எத்தனை பாகம், கீழே சேறா மணலா கல்லா, என்ன பட்டது, எத்தனை கிலோ.

"இதை ஆராவது கேட்டு வந்தவையோ, அப்பு?"

"இல்லைப் பிள்ளை. நீதான் முதல் ஆள்."

படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். இடத்தின் எண்கள் இருக்கிற பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, மிச்சத்தை எடு என்றார்.